புண்பட்டார் மருத்துவச் செலவும் ஈட்டுரிமையும்

முன்னுரை

ஒருவர் செயலால் மற்றொருவர் உடலிற் புண்படுவராயின், அப்புண்ணை ஆற்றுதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் வினா மிகப் பழையது. நம் நாட்டுப் பழைய நீதிநூல்கள் இவ்வினாவிற்குத் தெளிவான விடை கூறியுள்ளன. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குப் பின் இந்நாட்டில் இயற்றப்பெற்ற சட்டங்களில் அவ்விடை நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. உயிரிழந்தார் சுற்றத்தார்க்கு ஈடு வகுத்த சட்டம், உறுப்பிழந்தார்க்கும் விலை வகுத்தது. ஆனால் மருந்துக்கும் மருத்துவருக்கும் ஆகும் செலவினை அது இறுதியிலேதான் நினைந்தது. இவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்குரிய நிலப்பகுதியாகச் சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைக் கொள்வோம். பூவிருந்தவல்லி இன்று பூந்தமல்லி என வழங்கும். இம் மூன்றும் ஒன்றற்கொன்று சில கல் தொலைவிலேயே உள்ளன. இருப்புப்பாதை, தொழிற்கூடம், நெடுஞ்சாலை என்னும் மூன்றும் இப்பகுதியில் ஒருங்கே அமைந்தன. அவற்றால் நேரும் விபத்துகளை ஆளும் மூவகைச் சட்டங்களும் ஈண்டு ஒன்று கூடின. ஒரே வகையான கால்முறிவு இப்பகுதியில் மூவர்க்கு நேர்ந்தால், மூவர் பெறும் ஈடும் மூவேறாக இருந்தன. அவ்வேறுபாட்டின் காரணம் புண்ணில் இல்லை. புண்பட்ட இடத்திலும் புண்பட்டவர் நிலையிலுமே இருந்தது.

சொல்லும் பொருளும்

'ஈடு' என்னும் சொல் தமிழில் ஒப்பு, அடைமானம், வலிமை முதலிய பல பொருள்களை உடையது. இவற்றுள் ஒப்பு என்னும் பொருளே 'நட்ட ஈடு', 'இழப்பீடு' என்னும் தொடர்களுக்கு அடிப்படை. இழந்ததற்கு ஒப்பானதை வைத்தல் என்பது இதன் கருத்து. உயிருக்கும் உறுப்பிற்கும் ஒப்பானது உலகில் இல்லை. ஆகவே அவற்றிற்குக் கொடுக்கும் பொருள் பெயரளவிலேயே ஈடாகும். மருத்துவச் செலவோ அத்தகையதன்று. செலவழிந்த பொருளைப் பொருளாலேயே நிரப்பலாம். சொற்பொருளுக்கு முழுதும் பொருந்தும் ஈடு இஃதொன்றே. இத்துணை எளிதாக அளக்கத்தக்க இழப்பைச் சட்டம் ஏன் பின்னுக்குத் தள்ளிற்று என்பது சிந்தித்தற்குரியது.

வடமொழி நீதிநூல்கள் இச்செலவினைச் 'சமுத்தான வியயம்' என்னும் பெயரால் குறிக்கின்றன. சமுத்தானம் என்பது மீண்டு எழுதல். வியயம் என்பது செலவு. எனவே, வீழ்ந்தவன் மீண்டு எழுவதற்கு ஆகும் செலவு என்பது அத்தொடரின் பொருளாயிற்று. மனுநூலின் எட்டாம் அத்தியாயமும் யாஞ்ஞவல்கிய நூலும், உடலில் ஊறு செய்தவன் அரசனுக்குரிய தண்டத்தோடு அமையாது, புண்பட்டவன் நலம் பெறுதற்காகும் செலவையும் ஏற்றல் வேண்டும் என விதித்தன. கௌடிலியரின் பொருள்நூலும் கொடிய ஊறு பற்றிய விதிகளில் இச்செலவைத் தண்டத்தினின்றும் வேறாகப் பிரித்துக் கூறுகிறது. தண்டம் அரசுக்கு, மீட்செலவு புண்பட்டவனுக்கு. இவ்விரண்டையும் பகுத்து நோக்கிய தெளிவு பாராட்டத்தக்கது.

பழந்தமிழ்ச் சான்றுகள்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாகக் காண்கிறது. நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்பன அந்நான்கு. பேணுவோனை மருத்துவத்தின் புறத்தே நிறுத்தாமல் அதன் உறுப்பாகவே கொண்டமை பின்னர் நாம் காணவிருக்கும் செய்திக்கு இன்றியமையாதது.

கல்வெட்டுகளை நோக்கின், ஊறு பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இறந்தாரைப் பற்றியனவாகவே உள்ளன. வேட்டையில் தவறிப் பாய்ந்த அம்பால் ஒருவன் இறப்பின், எய்தவன் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுத்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளிற் காணப்படுகிறது. போரிலும் ஆநிரை மீட்டலிலும் பட்ட வீரர் குடும்பத்திற்கு அளித்த நிலம் 'உதிரப்பட்டி' எனப்பட்டது. முன்னையது கழுவாய், பின்னையது நன்றிக்கடன். இரண்டிலும் புண்பட்டு உயிரோடிருப்பவனின் மருந்துச் செலவு பேசப்படவில்லை.

ஆயினும், தமிழ்நாட்டு அரசும் கோயிலும் இச்சிக்கலை வேறொரு வழியால் அணுகின என்பதற்குத் திருமுக்கூடற் கல்வெட்டுச் சான்றாகும். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்துள்ள அவ்வூர்க் கோயிலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துப் பெருங்கல்வெட்டு ஒன்று உள்ளது. 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலர்சாலையை அது விவரிக்கிறது. நோயாளர் பதினைவர் கிடத்தற்கு இடம், மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மருந்து கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதன் ஒருவன் என அங்கு நிவந்தம் வகுக்கப்பட்டிருந்தது. செலவைப் பின்னர் மீட்டுக் கொடுக்காமல், செலவே நேராதபடி மருத்துவத்தையே அளித்தது இம்முறை. ஆனால் அச்சாலை எல்லார்க்கும் உரியதாக இருந்திலது. கோயிற் பணியாளர்க்கும் அங்குக் கற்போர்க்கும் கற்பிப்போர்க்குமே உரியதாக இருந்தது.

இவற்றால் பெறப்படுவது யாதெனில், புண்பட்டார் மருத்துவச் செலவினைத் தீர்ப்பதற்கு இருவழிகள் பண்டே இருந்தன என்பதாம். ஒன்று, ஊறு செய்தவனிடமிருந்து பொருள் பெற்றுத் தருதல். இதனை 'ஈட்டுமுறை' என்போம். மற்றொன்று, பொதுநிலையம் மருத்துவத்தையே அளித்தல். இதனைச் 'சாலைமுறை' என்போம். பிற்கால வரலாறு முழுதும் இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்த போக்குவரவேயாகும்.

இருப்புப்பாதையும் இறந்தார்க்குரிய சட்டமும்

இராயபுரத்திலிருந்து வாலாசா வரை சென்ற தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அப்பாதை ஆவடி வழியாகவே திருவள்ளூர் சென்றது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அஃதாவது 1855இல், கொடு விபத்துச் சட்டம் நிறைவேறியிருந்தது. இங்கிலாந்தில் 1846இல் இயற்றப்பெற்ற சட்டத்தைத் தழுவியது அது. ஒருவர் பிழையால் மற்றொருவர் இறப்பின், மனைவி அல்லது கணவன், பெற்றோர், மக்கள் ஆகியோர் வழக்குத் தொடுத்து ஈடு பெற அச்சட்டம் வழிசெய்தது.

இறவாது புண்பட்டவர்க்குத் தனிச்சட்டம் எதுவும் அப்போது இயற்றப்படவில்லை. தீங்கியற் பொதுநெறியின்படி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிட்டே அவர் மருத்துவச் செலவைப் பெறுதல் வேண்டும். எதிரியின் கவனக்குறைவை மெய்ப்பிக்கும் பொறுப்பும், கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்தும் சுமையும் அவர்மேல் விழுந்தன. கூலி வேலை செய்யும் ஒருவர்க்கு அவ்வழி அடைபட்ட வாயிலே.

இருப்புப்பாதை விபத்துகளுக்கெனப் பின்னர் வந்த ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. 1989ஆம் ஆண்டுச் சட்டமும், 1990ஆம் ஆண்டு விதிகளும், வண்டி விபத்திற் புண்பட்ட பயணிக்கு ஈடு தர வழிவகுத்தன. 1994இல் சேர்க்கப்பெற்ற பிரிவு, ஓடும் வண்டியிலிருந்து தவறி வீழ்ந்தவர்க்கும் அதனை விரித்தது. ஆனால் அவ்வீடு உறுப்பையும் காயத்தையும் நோக்கி அட்டவணையால் அளக்கப்படுவது. மருந்துக்கு எவ்வளவு ஆயிற்று என்பது அதன் அளவுகோலன்று.

தொழிற்கூடங்களும் 1923ஆம் ஆண்டுச் சட்டமும்

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949இல் தோன்றிற்று. டன்லப் தொழிற்சாலை 1959இல் எழுந்தது. ஆவடியில் 1961இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1960களின் இடைப்பகுதியில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. பெருந்தொழிற்சாலைகளுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகள் பல அப்பேட்டையில் நிறைந்தன. கடைசல் எந்திரமும் அழுத்துப் பொறியும் வேலை செய்யுமிடத்தில் விரல் நசுங்குதலும் கை முறிதலும் அரிய நிகழ்ச்சிகள் அல்ல.

அத்தகைய தொழிலாளர்க்குக் காப்பாக இருந்தது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம், முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்தை நீக்கிப் பெருநன்மை செய்தது. இறப்புக்கும், நிலைத்த ஊனத்திற்கும், வேலை செய்ய இயலாத காலத்திற்கும் தொகை வகுத்தது. ஆனால் மருத்துவச் செலவைத் திருப்பித் தருமாறு அது விதிக்கவில்லை. முதலாளி தாமே மருத்துவத்திற்கென்று ஏதேனும் கொடுத்திருப்பின், அதனை இழப்பீட்டுத் தொகையிற் கழித்துக்கொள்ளலாகாது என்னும் அளவில் ஒரு விளக்கம் மட்டும் அதில் இடம்பெற்றது.

இக்குறை எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1897இல் இயற்றப்பெற்ற தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை நோக்கினால் விடை கிடைக்கும். ஆங்கு மருத்துவச் செலவு ஒரேயோரிடத்திற் பேசப்படுகிறது. சார்ந்தோர் எவருமின்றித் தொழிலாளி இறந்தால், அவர்தம் மருத்துவத்திற்கும் அடக்கத்திற்குமாகப் பத்துப் பவுனுக்கு மேற்படாத தொகை தரப்படும் என்பதே அது. பிழைத்தெழுந்தவரின் மருந்துச் செலவு சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகவில்லை. செருமனி நாடோ 1883, 1884 ஆகிய ஆண்டுச் சட்டங்களால், முதற் பதின்மூன்று வாரங்களுக்கு நோய்க்காப்பு நிதியும் அதன்பின் விபத்துக்காப்பு நிறுவனமும் மருத்துவத்தை ஏற்குமாறு செய்திருந்தது. நம் நாட்டுச் சட்டம் பின்பற்றியது முன்னதன் நெறியையே.

1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால், இறந்த தொழிலாளியின் இறுதிச் சடங்கிற்கென ரூ. 1,000 தருமாறு 1923ஆம் ஆண்டுச் சட்டத்திற் புதிய உட்பிரிவு சேர்ந்தது. பணியிற் பட்ட புண்ணுக்கு உண்மையில் ஆகும் மருத்துவச் செலவைத் திருப்பித் தருதல் வேண்டும் என்னும் உட்பிரிவோ 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பெற்று, 2010 சனவரியிலேதான் நடைமுறைக்கு வந்தது. ஈமச் செலவு முந்தியது. மருந்துச் செலவு பிந்தியது. சட்டம் தோன்றி எண்பத்தாறு ஆண்டுகள் கழித்தே சமுத்தான வியயம் தொழிலாளர்க்கு மீண்டது.

ஆதுலர்சாலை மீண்டும் தோன்றுதல்

இவ்விடைக்காலத்தில் அரசு வாளா இருந்தது எனக் கூறுதல் பொருந்தாது. 1931இல் அரச தொழிலாளர் ஆணைக்குழு நோய்க்காப்பினை வற்புறுத்திற்று. 1944இல் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் தம் அறிக்கையை அளித்தார். இவற்றின் பயனாக 1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் எழுந்தது. 1952இல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய இத்திட்டம் 1955இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழகத்திற்கு வந்தது. மக்கள் வழக்கில் 'இ.எஸ்.ஐ.' என்னும் மூன்றெழுத்தாக நிலைபெற்றது இதுவே. தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் பங்குத்தொகையால் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் நடைபெற்றன. அம்பத்தூர்த் தொழிலாளர்க்கு அயனாவரத்து மருத்துவமனை எட்டும் தொலைவில் இருந்தது.

இது சாலைமுறையின் மறுபிறப்பு எனலாம். திருமுக்கூடலைப் போன்றே இங்கும் மருத்துவம் நேராக அளிக்கப்பட்டது. திருமுக்கூடலைப் போன்றே உரியவர் வட்டமும் வரையறைக்குட்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம், எந்திர ஆற்றல் கொண்டு இருபதின்மருக்குக் குறையாதோர் வேலை செய்யும் தொழிற்சாலைகளையே தழுவியது. 1989ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வெண்ணைப் பத்தாகக் குறைத்தது. எனவே, 1970ஆம் ஆண்டில் பன்னிருவர் வேலை செய்யும் பட்டறையொன்றிற் கை முறிந்த தொழிலாளி, இ.எஸ்.ஐ. மருத்துவத்திற்கும் உரியரல்லர்; 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்துச் செலவு கேட்கவும் இயலாதவர். அடுத்த தெருவில் முப்பதின்மர் வேலை செய்யுமிடத்தில் அதே கை முறிந்திருப்பின், அவர்க்கு மருத்துவம் செலவின்றிக் கிடைத்திருக்கும். சிறு பட்டறைகள் மிக்க தொழிற்பேட்டைக்கு இவ்விடைவெளி சிறியதன்று.

வட்டத்தினுள் இருந்தார்க்கும் ஒரு வரம்பு உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, பணியில் நேர்ந்த ஊறுக்கு வேறு சட்டப்படி ஈடு பெறுதலைத் தடுத்தது. வேலைக்குச் செல்லும் வழியில் அடிபட்டவர் நிலை இன்னும் இடர்ப்பாடானது. தொழிற்சாலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் நேர்ந்த சாலை விபத்து, பணியால் விளைந்த ஊறாகாது என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தமே, வழியில் நேரும் விபத்தையும் வேலையோடு தொடர்புடையதாயின் பணியூறாகக் கொள்ளச் செய்தது. 1923, 1948 ஆம் ஆண்டுகளின் இச்சட்டங்கள் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் அடங்கின. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

நெடுஞ்சாலையும் தீர்ப்பாயமும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை, சென்னையை மேற்குத் திசையோடு இணைக்கும் பழைய வழி. அம்பத்தூர், ஆவடி வழியே திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலை மற்றொன்று. ஊர்திகள் பெருகப் பெருக விபத்தும் பெருகிற்று. 1939ஆம் ஆண்டு மோட்டார் ஊர்திச் சட்டம், பிறர்க்கு நேரும் ஊறுக்காக ஊர்தியுடையோர் காப்பீடு செய்தலைக் கட்டாயமாக்கிற்று. அவ்விதி 1946இல் நடைமுறைக்கு வந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமையியல் நீதிமன்றத்தின் இடத்தில் தனித் தீர்ப்பாயங்களை அமைக்க வழிசெய்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை நிலைநிறுத்திற்று. பூவிருந்தவல்லி நீதிமன்றங்கள் இத்தகைய தீர்ப்பாயமாகவும் அமர்ந்து இப்பகுதி வழக்குகளைக் கேட்டுவருகின்றன. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், விபத்து எங்கு நேர்ந்ததாயினும் புண்பட்டவர் தாம் வாழும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே முறையிடலாம் என்றாயிற்று.

ஈட்டுமுறை தன் முழுவடிவை எய்தியது இத்துறையிலேயாம். உச்ச நீதிமன்றம் 2010இல் வழங்கிய தீர்ப்பொன்றில் புண்பட்டார்க்குரிய ஈட்டின் தலைப்புகளை வரிசைப்படுத்திற்று. மருத்துவம், மருத்துவமனையில் தங்குதல், மருந்து, போக்குவரவு, ஊட்டமிக்க உணவு ஆகியவற்றின் செலவு முதற்கண் நிற்கிறது. இழந்த வருவாயும் எதிர்கால மருத்துவச் செலவும் அதன்பின் வருகின்றன. 2020இல் வழங்கப்பெற்ற மற்றொரு தீர்ப்பில், வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டிய ஒரு சிறுமிக்கு, உடனிருந்து பேணுவோர்க்கான செலவும் ஆண்டுப் பெருக்கத்தால் கணக்கிடப்பெற்றது. மருத்துவத்தின் நான்காம் உறுப்பாக வள்ளுவர் கண்ட பேணுவோர்க்கு இவ்வாறு சட்டத்திலும் இடம் கிடைத்தது. புண்பட்டவர் வழக்கின் இடையே வேறு காரணத்தால் இறப்பினும், மருத்துவச் செலவு போன்ற பொருளிழப்பை அவர் வழியினர் தொடர்ந்து கோரலாம் என 2021இல் அந்நீதிமன்றம் தெளிவுறுத்திற்று.

ஆயினும் இங்கும் ஒரு முரண் இருந்தது. கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே ஈடு பெறுதற்கு 1994இல் 163-அ என்னும் பிரிவு சேர்க்கப்பெற்றது. ஆண்டு வருவாய் ரூ. 40,000க்கு மேற்படாதார்க்கே அவ்வழி உரியது என 2004இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதற்குரிய அட்டவணையோ, பற்றுச்சீட்டு இருப்பினும் மருத்துவச் செலவு ரூ. 15,000க்கு மேற்படலாகாது என வரையறுத்தது. அவ்வரம்பு 2018இல் அட்டவணை மாறும்வரை உயர்த்தப்படவில்லை. கவனக்குறைவை மெய்ப்பித்து 166ஆம் பிரிவின் வழி வருவார்க்கு இத்தகைய வரம்பு இல்லை. எளியார்க்கெனத் திறந்த வாயிலிலேயே உச்சவரம்பு தாழ்ந்திருந்தது என்பது கருதத்தக்கது.

பற்றுச்சீட்டும் காலமும்

ஈட்டுமுறையின் உயிர்நாடி சான்று. மருத்துவமனைக் கணக்கும், மருந்துக்கடைப் பற்றுச்சீட்டும், மருத்துவர் சான்றும் தீர்ப்பாயத்தின்முன் வைக்கப்படுதல் வேண்டும். செலவழித்தார்க்கே சீட்டு உண்டு; செலவழிக்க இயலாதார்க்குச் சீட்டும் இல்லை. தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கி அறுவை செய்துகொண்டவர் அத்தொகையை ஒருநாள் மீட்கலாம். பொருளின்மையால் அரைகுறை மருத்துவத்தோடு வீடு திரும்பியவர்க்கு மீட்பதற்குரிய செலவே இல்லாமற் போகும். குறைந்த கணக்கோடு குணமாகாத காலும் அவர்க்கு எஞ்சும். ஆகவே, மீட்சியின் அளவு புண்ணின் அளவைப் பொறுத்ததன்று. முன்பணம் புரட்டும் ஆற்றலைப் பொறுத்தது. வழக்கு முடியும்வரை கடனுக்கு வட்டி ஏறுகிறது. தீர்ப்பாயம் வழங்கும் வட்டி கந்துவட்டிக்கு ஈடாவதில்லை.

இக்குறையை உணர்ந்தே அண்மைக்காலச் சட்டம் மீண்டும் சாலைமுறையை நோக்கித் திரும்பியது. 2021 திசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்திற் புண்பட்டார்க்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தைத் தொடக்கத்தில் ரூ. 1 இலட்சம் வரை கட்டணமின்றி அளித்தது. 2025 மே மாதத்தில் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம், குறித்த மருத்துவமனைகளில் ஏழு நாள்வரை ரூ. 1.5 இலட்சத்திற்கு மேற்படாத மருத்துவத்தைப் பணம் கேட்காமல் அளிக்க வகைசெய்தது. ஊறு விளைத்தவர் யார் என்னும் ஆராய்ச்சி பின்னர் நிகழலாம். மருத்துவம் அதற்காகக் காத்திராது என்பதே இவற்றின் அடிப்படை. எட்டாம் நாள் தொடங்கும் செலவு மட்டும் இன்னும் பழைய வழியிலேயே மீட்கப்பட வேண்டியதாக உள்ளது. எலும்புமுறிவு ஏழு நாளில் ஆறுவதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், புண்பட்டார் மருத்துவச் செலவை ஊறு செய்தார் ஏற்றல் வேண்டும் என்னும் நெறி நம் நாட்டிற்குப் புதியதன்று என்பதும், 1855க்குப் பிற்பட்ட சட்டங்கள் இறப்பையும் ஊனத்தையும் முதலிற் கருதி இதனைப் பிற்படுத்தின என்பதும், தொழிலாளர்க்கு 2010இலேதான் இது பொதுவுரிமையாயிற்று என்பதும் போதரும். அம்பத்தூர்ப் பட்டறையிலும், ஆவடி இருப்புப்பாதையிலும், பூவிருந்தவல்லிச் சாலையிலும் பட்ட ஒரே புண்ணுக்கு வேறுவேறு அளவுகோல்கள் அமைந்தமை இவ்வரலாற்றின் விளைவே. ஈட்டுமுறை நீதியை நிறைவு செய்யும். ஆனால் காலத்தால் பிந்தும். சாலைமுறை காலத்தால் முந்தும்; ஆனால் வட்டத்தாலும் வரம்பாலும் சுருங்கும். ஆதுலர்சாலையின் கதவு எல்லார்க்கும் திறந்து, அதன் செலவு பின்னர் ஊறு செய்தாரிடமிருந்து பொதுநிலையத்தாலேயே மீட்கப்படுமாயின், இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று நிரப்பும். அதுவரை, வீழ்ந்தவர் மீண்டு எழுதற்காகும் செலவு, வீழ்ந்தவர் தலைமேலேயே முதற்கண் விழும் என்பது ஒருதலை.